ஒரு விரதமும் இல்லாத நாள்

எங்க எடை மேடையில அவனுக்குப் பேரு சாமி. சொந்தப் பேரு வேற. அதை நான் சொல்ல மாட்டேன், ஏன்னு கேட்டு முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை திருநள்ளாறு சனீஸ்வரனுக்கு விரதம். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. நடுவுல பிரதோஷம், கிருத்திகை, ஏகாதசி, அமாவாசைன்னு எது வந்தாலும் விடுறதில்ல. இதெல்லாம் போதாதுன்னு ரமலான் வந்தா எங்களோட சேர்ந்து நோன்பு வேற. "ஏண்டா, உங்க சாமிங்க குடுத்த பட்டினி பத்தலையா? எங்க பட்டினியையும் புடுங்கிக்கிறியே"ன்னு கேட்டா சிரிப்பான். அப்படிச் சிரிக்கிறவன்கிட்ட யாராலும் கோவிச்சுக்க முடியாது.

கீழவாஞ்சூர்ல துறைமுகத்துக்குப் போற ரோட்டோரம் எங்க இடம். நிலக்கரி லாரி வந்து மேடையில ஏறி நிக்கும், நாங்க கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து எடை பார்த்துச் சீட்டு அடிச்சுக் குடுப்போம். நான் பொறுப்பாளர், அவன் எனக்கு அடுத்தவன். என்னைவிடப் பத்துப் பன்னண்டு வயசு சின்னவன். சுரக்குடிலேருந்து பைக்ல வருவான். மூச்சு விட்டா மூக்குக்குள்ள கரி போற இடத்துல வெள்ளைச் சட்டை, நெத்தி நிறைய திருநீறு. அப்பா இல்ல. அம்மாவும் ஒரு தங்கச்சியும்தான். அந்தத் தங்கச்சி ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர். வீட்டுக்குப் பெரிய ஆம்பளைன்னா இவன்தான்.

லாரி டிரைவருங்க இவனைப் பாதி சாமியாராவே ஆக்கிட்டாங்க. புது வண்டி எடுத்தா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க இவன் கை வேணும். ஒரு டிரைவர் புள்ளைக்குக் காய்ச்சல் விடவே இல்லன்னு கண்ணு கலங்கி வந்து நின்னான். "சாமி, இந்தச் சனிக்கிழமை என் புள்ளைக்கும் சேர்த்து விரதம் இருந்து வேண்டிக்கங்க"ன்னான். "நான் என்னங்க பெரிய ஆளு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க முதல்ல"ன்னு இவன் பதறினான். ஆனா அந்தச் சனிக்கிழமை நெசமாவே பச்சைத் தண்ணி பல்லுல படாம இருந்தான். எனக்கு ஆச்சரியம் என்னன்னா, இவ்வளவு பட்டினி கிடக்கிறவனுக்குச் சாப்பாட்டைப் பத்திப் பேசினா நாக்கு ஊறிடும். நான் டிபன் பாக்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடியே, "பாய், இன்னைக்கு கோலா மீனா? புளி கொஞ்சம் தூக்கலா விட்டிருக்காங்க போலருக்கே"ன்னு வாசனையிலேயே சொல்லிடுவான். சொல்லிட்டு எழுந்து வெளியில போயிடுவான்.

விஷயம் வெளியில வந்தது என் தம்பி கலியாணத்துல. எங்க வீட்டுக் கலியாணத்துல சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டுல சோத்தைக் கொட்டி வெச்சு, நாலு பேரு சுத்தி உக்காந்து அதே தட்டுல சாப்பிடணும். தனி இலைன்னா மூலையில ஒதுக்கலாம், மடிச்சுப் போட்டுட்டு எழுந்திரிக்கலாம். சஹன்ல அந்தத் தில்லுமுல்லு நடக்காது. பக்கத்துல இருக்கிறவன் கறியை எடுத்து நம்ம பக்கம் தள்ளிக்கிட்டே இருப்பான், நாலு பேரும் முடிக்காம ஒருத்தன் எழுந்திரிக்கிறது மரியாதையும் இல்ல. அன்னைக்குன்னு பார்த்து திங்கக்கிழமை, அவனுக்குச் சொல்ல ஒரு விரதமும் கிடைக்கல. என் மச்சானும், சித்தப்பா முறை சாச்சாவும் விடுவாங்களா? "சாப்பிடுங்க சாமி, சாப்பிடுங்க"ன்னு ஊட்டாத குறை. அவனும் சாப்பிட்டான். யா அல்லாஹ், என்ன ருசிச்சுச் சாப்பிட்டான் தெரியுமா? எலும்பை உறிஞ்சும்போது கண்ணை மூடிக்கிட்டான்.

கொஞ்ச நேரத்துல ஆளைக் காணோம். தேடிப் போனா, மண்டபத்துப் பின்னாடி அண்டா கழுவுற இடத்துல சுவரைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். சட்டை பூரா வேர்வை, முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு. "பாய், காது அடைக்குது"ன்னான். அப்படியே சரிஞ்சான். நான் தாங்கிப் புடிச்சுப் படுக்க வெச்சு, காலைத் தூக்கிக் கவுத்துப் போட்ட அண்டா மேல வெச்சேன். ரெண்டு மூணு நிமிஷத்துல கண்ணைத் திறந்துட்டான். திறந்ததும் கக்கூஸுக்கு ஓடினான். திரும்பி வந்து என் பக்கத்துல தரையில உக்காந்தான்.

"பாய், எனக்கு விரதமெல்லாம் ஒரு மண்ணும் இல்ல"ன்னான்.

காலேஜ் படிக்கும்போதே ஆரம்பிச்சுதாம். நல்லா சாப்பிட்டா குடல் முறுக்கும், வயித்தால போகும். ரொம்ப முறுக்கினா வேர்த்துக் கொட்டி, கண்ணு இருட்டி விழுந்துடுவான். எல்லா நாளும் இல்ல, என்னைக்கு வரும்னும் தெரியாது. பஸ்ஸுல ஒரு தடவை, கோயில் வரிசையில ஒரு தடவை. அதனால வெளியில எங்கயும் சாப்பிடுறதில்ல. முதல்ல வயிறு சரியில்லன்னுதான் சொல்லிப் பார்த்திருக்கான். ஓமத்தண்ணி குடி, பிரண்டைத் துவையல் சாப்பிடு, பேதிக்குக் குடின்னு ஆளுக்கு ஒரு வைத்தியம். நக்கல் வேற. ஒரு நாள் தெரியாம விரதம்னு சொல்லியிருக்கான். கேட்டவரு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டாராம்.

"வயித்துக் கோளாறுன்னா சிரிக்கிறாங்க பாய். விரதம்னா கும்பிடுறாங்க. நான் என்ன பண்றது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பதான் அவன் நோன்பு வைக்கிற ரகசியமும் புரிஞ்சுது. பள்ளிவாசல் கஞ்சி இருக்கே, அரிசியும் பருப்பும் குழையக் குழைய வெந்து, அது ஒண்ணுதான் அவன் வயித்துக்கு ஒத்துக்கிட்டது. பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொன்னதும் நாங்க நாலு பேரும் வட்டமா உக்காந்து குடிக்கிறப்ப அவனும் பயமில்லாம குடிப்பான். நாலு பேரோட உக்காந்து சாப்பிடுற சந்தோஷம் அவனுக்கு வருஷத்துல அந்த ஒரு மாசம்தான். "டாக்டரைப் பாருடா"ன்னு எத்தனையோ தடவை சொன்னேன். "கேன்சர் கீன்சர்னு சொல்லிட்டா தங்கச்சி கலியாணம் என்னாகும்? அவளை ஒரு இடத்துல குடுத்துட்டு அப்புறம் பார்க்கிறேன்"னு தள்ளிக்கிட்டே வந்தான்.

அவன் வாழ்க்கையில அந்த ஒரு நினைப்புதான் பாய்மரம். அந்தப் புள்ளைக்கும் அண்ணன்னா உசுரு. எங்க மேடைக்கு ஸ்கூட்டியில வந்து, அவனுக்குன்னு குழைச்ச மோர்ச் சோத்தை யாருக்கும் தெரியாம என் மேசைக்கு அடியில வெச்சுட்டுப் போகும். "பாய், நீங்க பார்த்து ரூம் கதவைச் சாத்திட்டு இவரைச் சாப்பிட வைங்க"ன்னு எனக்கு அதட்டல் வேற.

நெடுங்காடு பக்கம் ஒரு நல்ல இடம் வந்துது. பையன் அரசாங்க வேலை. நெலபுலன் உண்டு. பொண்ணைப் பார்த்துட்டுப் போய், புடிச்சிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. தரகர் என்கிட்டயே சொன்னாரு, "பொண்ணோட அண்ணன் இந்தக் காலத்துல இவ்வளவு பக்தியா இருக்கான், அந்தக் குடும்பத்துல எடுத்தா நம்ம குடும்பம் தழைக்கும்னு மாப்பிள்ளையோட அம்மா ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க"ன்னு. அதாவது, அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவன் விரதம்தான்.

இங்க ஒரு வழக்கம் இருக்கு. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் ஒருத்தர் வீட்ல ஒருத்தர் கை நனைக்க மாட்டாங்க. காப்பித் தண்ணியோட சரி. இலையில உக்காந்து கை நனைச்சுட்டா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். உக்காராம எழுந்து வந்தா மனசுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீடு பார்க்கப் போற அன்னைக்கு, அப்பா ஸ்தானத்துல இருக்கிறவன் முதல்ல சோத்துல கை வைக்கணும். என் காருலதான் போனோம். அவன், அவங்க அம்மா, தாய்மாமன், நான். முந்தின நாள் ராத்திரிலேருந்து அவன் ஒண்ணும் சாப்பிடல. வயித்தைக் காலியா வெச்சுக்கிட்டா தாங்கும்னு அவன் கணக்கு.

போனா, பந்தி போடத் தயாரா இருக்கு. நான் முந்திக்கிட்டேன். "சாமிக்கு இன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். மாப்பிள்ளையோட அம்மா சிரிச்சுக்கிட்டே மறிச்சுட்டாங்க.

"தெரியும் பாய். தம்பி ரொம்பக் கடுமையா விரதம் இருப்பாருன்னு தரகர் சொன்னாரு. அதான் ஜோசியர்கிட்ட உக்காந்து, ஒரு விரதமும் இல்லாத நாளாப் பார்த்து எடுத்தோம். இன்னைக்கு நீங்க தப்பிக்கவே முடியாது தம்பி!"

என்னத்தைச் சொல்ல? அந்தம்மா பாசமா செஞ்சதுதான். கை கழுவுற இடத்துல அவன் காதுகிட்ட போய், "வேண்டாம்டா, உண்மையைச் சொல்லிடுவோம். வயித்துக் கோளாறுதானே, கொலையா பண்ணினோம்?"னு சொன்னேன். "இத்தனை வருஷம் விரதம்னு சொன்னது பொய்யின்னு இன்னைக்கா சொல்லச் சொல்றீங்க? நான் உக்காரலன்னா அவ கலியாணம் நிக்கும் பாய். ஒரு மணி நேரம் தாங்கிட்டேன்னா போதும்"னான். போய் இலையில உக்காந்துட்டான்.

பருப்பு நெய், சாம்பார், வத்தக் குழம்பு, வடை, பாயசம். அந்தம்மா பக்கத்துலயே நின்னு போட்டாங்க. அவன் ஒண்ணையும் ஒதுக்கல. பாயசத்தை வழிச்சுச் சாப்பிட்டான். அவங்க வீட்டு ஆளுங்க முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு. நான் அவன் நெத்தியையே பார்த்துக்கிட்டிருந்தேன். திருநீறு வேர்வையில கரைய ஆரம்பிச்சதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

எழுந்து கொல்லைப் பக்கம் போனான். வாசப்படி தாண்டல. விழுந்துட்டான். விழுந்தவன் கையும் காலும் லேசா வெட்டி இழுத்துது. வேட்டியும் நனைஞ்சுபோச்சு. அவ்வளவு பேரு முன்னாடி, அல்லாஹ்வே, அந்தக் கோலத்தை எந்தப் பொறந்த மகனுக்கும் குடுக்காதே.

"வலிப்பு! காக்கா வலிப்பு! இரும்பு கொண்டாங்க!"ன்னு யாரோ ஒரு பொம்பளை கத்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா இடுப்புல இருந்த சாவிக்கொத்தை உருவி அவன் கையில திணிச்சாங்க. "வலிப்பு இல்லம்மா, மயக்கம்! காலைத் தூக்கிப் புடிங்க!"ன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். யாரு கேட்டா? கொஞ்ச நேரத்துல அவன் கண்ணைத் திறந்தான். சுத்தி நிக்கிறவங்களைப் பார்த்தான், கையில இருந்த சாவியைப் பார்த்தான். எழுந்து உக்காந்து, அந்தச் சாவியை ரெண்டு கையாலயும் அந்தம்மாகிட்ட நீட்டி, "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா"ன்னான். அவன் அம்மா புடவைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டு நின்னாங்க.

மறுநாளே தரகர் வந்து, சம்பந்தம் வேண்டாமாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வலிப்பு பரம்பரையா வருமாம், பொண்ணுக்கும் இருக்கலாமாம். எனக்கு இன்னும் அந்த ஆத்திரம் அடங்கல. வலிப்பே இருந்தாலும்தான் என்ன? எங்க தெருவுல ஒருத்தருக்கு இருக்கு, மாத்திரை போட்டுக்கிட்டுப் பேரன் பேத்தி எடுத்துட்டாரு.

அவனை இழுத்துக்கிட்டு ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டுப் பொறுமையா சொன்னாங்க. குடல் பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது அளவுக்கு மீறி உணர்ச்சியுள்ள குடல், சாப்பாடு உள்ள போனதும் சுருண்டு இழுக்குது. அந்த வலியில ரத்த அழுத்தம் சட்டுன்னு இறங்கி மயக்கம் வருது. கைகால் வெட்டினதும் அந்த மயக்கத்துலதான், வலிப்பு கிடையாது. உசுருக்கு ஆபத்தும் கிடையாது. இதுக்குப் பேரு ஐ.பி.எஸ்.னாங்க. "பாரு, போலீஸ் அதிகாரி ஆயிட்டே"ன்னு நான் கிண்டல் பண்ணினேன், அவன் சிரிக்கல. பட்டினி கிடந்துட்டு ஒரேயடியா வயிறு முட்டச் சாப்பிடுறதுதான் இதுக்கு எதிரி, கொஞ்சம் கொஞ்சமா நேரத்துக்குச் சாப்பிடணும், பயந்தா இன்னும் கூடும்னாங்க. "அப்ப நான் விரதம் இருந்தது?"ன்னு கேட்டான். "அது உங்களுக்குக் கெடுதல்தாங்க"ன்னாங்க. 

வலிப்பு இல்லன்னு தெரிஞ்சதும் தனியா நெடுங்காட்டுக்குப் போய் அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கான். விரதம் பொய், வயிறு உண்மை, டாக்டர் சொன்னது இதுன்னு. திரும்பி வந்து மேடை ரூம்ல என் எதிர்ல உக்காந்தான்.

"என்னடா சொன்னாங்க?"

"மரியாதையாத்தான் பேசினாங்க பாய். நம்புறோம் தம்பி, ஆனா பார்த்தவங்க வாயை எங்களால மூட முடியாதேன்னாங்க."

"வேற?"

"தண்ணி குடுத்தாங்க. சாப்பிடச் சொல்லல."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்புறம் வந்த வரனெல்லாம் சுரக்குடி டீக்கடையில விசாரிச்ச கையோட திரும்பிப் போச்சு. அவன் விரதத்தை விட்டுட்டான், திருநீறு மட்டும் வெச்சுக்கிட்டான். டிரைவருங்க எலுமிச்சம்பழம் கொண்டுவர்றதும் நின்னுபோச்சு. சாமின்னு கூப்பிட்டவனுங்களே, அவன் வந்தா, வலிப்புக்காரன், பார்த்துப் பேசுன்னு கண் ஜாடை காட்டுவானுங்க.

கடைசியா பட்டுக்கோட்டைப் பக்கத்துலேருந்து ஒரு இடம் வந்துது. நல்ல பையன், தூரத்து ஊரு. "பொண்ணோட அண்ணன் எங்கே?"ன்னு அவங்க கேட்டப்ப, சாமியோட அம்மா பட்டுன்னு "மஸ்கட்ல இருக்கான்"னு சொல்லிட்டாங்க. நான் போய் சத்தம் போட்டேன். அந்தம்மா அழுதுக்கிட்டே சொன்னாங்க, "உண்மையைச் சொல்லித்தான் ஒரு தடவை பார்த்தோம்ல பாய்? நாளைக்கு யாராவது வலிப்புன்னு சொன்னாலும், வலிப்புக்காரனை வெளிநாட்டுக்காரன் எடுப்பானா, மெடிக்கல்ல தள்ளியிருப்பானேன்னு அவங்களே நம்பிடுவாங்க." பெத்த வயிறு எப்படிக் கணக்குப் போட்டிருக்கு பாருங்க!

தங்கச்சி குதிச்சுது. "அண்ணனை ஒளிச்சு வெச்சுட்டு எனக்குத் தாலி வேண்டாம்"னு சோறு தண்ணி இல்லாம கதவைச் சாத்திக்கிச்சு. அவன் கதவுக்கு வெளியில உக்காந்து, "ஒளியலடி. அம்மா சொன்னது பொய்யா இருந்தாத்தானே உனக்கு உறுத்தும்? நான் நெசமாவே போறேன்"னான்.

என் சம்சாரத்தோட தம்பி மஸ்கட்ல இருக்கான். அவன் மூலமா வேலை கேட்டு சாமி என்கிட்டயே வந்து நின்னான். "டேய், அங்க மெஸ் சாப்பாடுடா. உன் வயித்துக்கு யாருடா மோர்ச் சோறு குழைச்சு வைப்பா?"ன்னு நான் மல்லுக்கு நின்னேன். "அங்க விழுந்தா என்னைத் தெரிஞ்சவங்க யாரும் பார்க்க மாட்டாங்க பாய்"ன்னான். மெடிக்கல்ல பாஸாயிட்டான். எக்ஸ்ரே எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. சோறு போட்டுப் பார்க்கிற டெஸ்ட் எங்கயும் இல்லையே. கலியாணத்துக்கு முந்தின மாசம் திருச்சியில நான்தான் பிளேன் ஏத்திவிட்டேன். வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. 

கலியாணம் நல்லா நடந்துது. மாப்பிள்ளை கையில மச்சான் மோதிரம் போடுற நேரத்துல, அவன் இடத்துல தாய்மாமன் மகனை நிறுத்தினாங்க. அந்தப் புள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டுது. புகை கண்ணுல பட்டுடுச்சுன்னு யாரோ துடைச்சுவிட்டாங்க.

சாப்பிட்டுட்டு நான் கிளம்பும்போது மாப்பிள்ளை என்னைத் தேடிக்கிட்டு வந்தாரு. கையைப் புடிச்சுக்கிட்டாரு.

"பாய், நீங்கதான் மச்சானுக்கு ரொம்ப நெருக்கமாமே. நிச்சயம் ஆனதுலேருந்து போன்ல இவ வாயைத் திறந்தா அண்ணன் பேச்சுத்தான். அவரு லீவுல வந்தா முதல் விருந்து எங்க வீட்லதான். அவருக்கு என்னென்ன புடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க, நானே கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து, பக்கத்துல நின்னு பரிமாறணும்."

வெள்ளிக்கிழமை லீவுல அவன் போன் பண்ணினப்ப எல்லாத்தையும் சொன்னேன். மோதிரம் யாரு போட்டாங்கன்னு கேட்டான், தங்கச்சி அழுதாளான்னு கேட்டான். மாப்பிள்ளை சொன்னதையும் அப்படியே சொன்னேன்.  

"ரொம்ப நல்ல மனுஷனா இருக்காரு பாய்"ன்னான். "அப்ப நான் ஊருக்கு வர முடியாது."

இன்னும் வரல.